பழைய ஜன்னலுக்கு உள்ளே ஒரு புது ஜன்னல்: கிள்ளான் பள்ளத்தாக்கின் கேள்வி

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் கடைவீடுகளின் கீழ்த்தளத்தை எல்லாரும் பார்க்கிறோம். பூமாலை, புடவை, பாத்திரம், வாழையிலைச் சாப்பாடு எல்லாம் அங்கேதான். அஞ்சடி நடைபாதையை விட்டு இறங்கி, சாலையின் எதிர்ப்புறம் நின்று மேல்தளத்தைப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஒரு கடைவீட்டில் ஆளுயர மர லூவர் ஜன்னல்கள் சாயம் வெளுத்து இன்னும் நிற்கின்றன. பக்கத்துக் கடைவீட்டில் அவற்றைப் பெயர்த்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி பதித்த அலுமினியச் சட்டம் வைத்திருக்கிறார்கள். அதற்கும் அடுத்ததில் லூவர் இருக்கிறது. ஆனால் உள்ளேயிருந்து பிளைவுட் அடித்து நிரந்தரமாக மூடிவிட்டார்கள். பெயர்த்ததற்கும் மூடியதற்கும் காரணம் ஒன்றுதான். ஏர்கோன் போட்டால் குளிர்ந்த காற்று மரப்பட்டிகளின் இடுக்கு வழியே தெருவுக்குப் போகிறது, தெருவின் இரைச்சல் அதே வழியில் உள்ளே வருகிறது.

பெயர்க்காமலும் மூடாமலும் இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. பழைய ஜன்னலைத் தொடாமல், அதற்கு உட்புறத்தில், தனிச் சட்டத்தில், திறந்து மூடக்கூடிய இன்னொரு கண்ணாடி ஜன்னலைப் பொருத்துவது. இதை உள்ஜன்னல் என்று அழைக்கலாம். தெருவிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டடத்தின் முகம் மாறியிருக்காது. பிற்காலத்தில் வேண்டாம் என்றால் திருகாணிகளைக் கழற்றி எடுத்துவிடலாம். பழைய மரம் அப்படியே இருக்கும். மரபுக் கட்டடப் பாதுகாப்பில் உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட இரண்டு விதிகள் குறைவாகத் தலையிடு, செய்ததைத் திரும்ப நீக்கும்படி செய் என்பன. உள்ஜன்னல் இரண்டுக்கும் பொருந்துகிறது.

ஆனால் இது குளிர்நாட்டில் பிறந்த ஏற்பாடு. அதை அப்படியே தூக்கிவந்து பூமத்திய ரேகையிலிருந்து மூன்று பாகை தள்ளியிருக்கும் ஊரில் மாட்டினால் என்ன ஆகும்? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வெயிலைத் தடுக்கும் வேலையைப் பழைய மர லூவர்தான் செய்கிறது, அதைவிட நன்றாக எந்தக் கண்ணாடியும் செய்யாது. உள்ஜன்னலின் வேலை ஈரக்காற்றையும் ஓசையையும் புகையையும் நிறுத்துவது. லூவரோடு சேர்த்து வைக்கும்போது அது பயன்படும். லூவருக்குப் பதிலாக வைத்தால் பணமும் போகும், கட்டடமும் போகும்.

குளிர்நாட்டுக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஸ்காட்லாந்தின் மரபுக் கட்டட அமைப்புக்காக கிளாஸ்கோ காலிடோனியன் பல்கலைக்கழகம் 2008-இல் ஒரு சோதனை நடத்தியது. பழைய மரச்சட்ட ஜன்னல் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் வைத்து, எந்த ஏற்பாடு வெப்ப இழப்பை எவ்வளவு குறைக்கிறது என்று அளந்தார்கள். உள்ஜன்னல் 63 விழுக்காடு குறைத்தது. அந்தச் சோதனையில் என்னை நிறுத்தி வைத்தது அடுத்த எண்: வெறும் மரக்கதவுகளை மூடியதாலேயே 51 விழுக்காடு குறைந்தது. புதுக் கண்ணாடியும் புதுச் சட்டமும் செய்வதில் பெரும்பகுதியை, நூறு ஆண்டுக்கு முன் தச்சர் செய்துவைத்த பலகையே செய்துவிடுகிறது. குளிரைத் தடுப்பதிலேயே இப்படியென்றால், வெயிலைத் தடுப்பதில் மரத்தின் இடம் இன்னும் பெரிது.

ஜன்னல் வழியே வெப்பம் மூன்று வகையில் உள்ளே வருகிறது. வெயில் நேராகக் கண்ணாடியைக் கடந்து வருகிறது. வெளியே சூடு, உள்ளே குளிர் என்ற வேறுபாட்டால் கண்ணாடிக்குள்ளேயே வெப்பம் கடத்தப்படுகிறது. இடுக்குகள் வழியே காற்று நுழைகிறது. ஐரோப்பாவில் உள்ஜன்னல் போடுவதன் நோக்கம் பெரும்பாலும் கடத்தலையும் குளிர்காற்றையும் தடுப்பதுதான். வெயில் அங்கே வேண்டிய விருந்தாளி. நமக்குக் கணக்கு தலைகீழ்.

எவ்வளவு தலைகீழ் என்பதை மலேசியத் தர நிர்ணயமே காட்டுகிறது. குடியிருப்பு அல்லாத கட்டடங்களின் எரிசக்திச் சிக்கனத்துக்கான எம்எஸ் 1525 விதித்தொகுப்பில், சுவர்வழி உள்ளே வரும் வெப்பத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. அதில் கண்ணாடியின் கடத்தல் எண் 6-ஆல் பெருக்கப்படுகிறது. வெயில் எண் 194-ஆல் பெருக்கப்படுகிறது. ஒற்றைக் கண்ணாடியின் கடத்தல் எண் ஏறத்தாழ 5.7. ஆகவே ஒரு சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி வழியே கடத்தலால் வருவது 34 வாட் அளவு. அதே சதுர மீட்டரில் வெயிலால் வருவது 180 வாட்டைத் தாண்டுகிறது, கிழக்குப் பார்த்த சுவரானால் அதற்கும் மேலே. இப்போது பின்னால் இன்னொரு தெளிந்த கண்ணாடியை வையுங்கள். கடத்தல் பாதியாகக் குறைந்து 17 வாட் ஆகும். வெயில் 160 வாட் அளவில் நிற்கும். செலவழித்த பணத்துக்குக் கிடைத்தது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான குறைப்பு. கண்ணாடியை விட்டுவிட்டு வெளிப்புறத்தில் மர லூவரை மட்டும் மூடினால், நேர்வெயில் பெரும்பாலும் மரத்தோடு நின்றுவிடும். உள்ளே வருவது 40 முதல் 60 வாட் அளவுக்கு இறங்கும்.

ஆகவே லூவரைப் பெயர்த்துவிட்டு "இரட்டைக் கண்ணாடி போட்டோம், இனி குளிர்ச்சியாக இருக்கும்" என்று நினைப்பவர் கதவைத் திறந்துவிட்டுத் தாழ்ப்பாளைப் புதுப்பிக்கிறார். கறுப்புச் சாயக் கண்ணாடியும் முழுத் தீர்வில்லை. அது வெயிலைக் குடித்துத் தானே சூடாகி, அந்தச் சூட்டின் ஒரு பகுதியை அறைக்குள் வீசுகிறது. வெயிலைக் கட்டடத்துக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் முறை. அதைத்தான் இங்கே கட்டியவர்கள் செய்தார்கள்.

அவர்கள் ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1881-இல் கோலாலம்பூர் முதலில் தீயிலும் பின்னர் வெள்ளத்திலும் அழிந்தது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக இருந்த ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்ட வேண்டும் என்று 1880-களில் பிராங்க் சுவெட்டன்ஹாம் வலியுறுத்தினார். செங்கல் சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. குறுகிய முகப்பு, நீண்ட உடல், நடுவே வானத்தைப் பார்த்த முற்றம், முன்னால் அஞ்சடி: இந்தக் கடைவீட்டு அமைப்பில் மேல்தள ஜன்னல் ஒரு கருவி. கீழ்ப்பாதியில் லூவர், அதன் முன் குட்டையான கம்பித் தடுப்பு, மேலே வண்ணக் கண்ணாடியோ காரையில் துளையிட்ட காற்றுப் பலகணியோ. தெருவின் காற்று லூவர் வழியே நுழைந்து, சூடேறி, முற்றத்தின் வழியே மேலேறிப் போகும். செங்கால், மெரந்தி மரங்களில் செய்த பட்டிகளைப் பின்னாலுள்ள ஒற்றைக் குச்சியால் ஏற்றி இறக்கலாம். மழைச்சாரல் உள்ளே வராது, காற்று வரும், வெயில் வராது, மங்கலான வெளிச்சம் வரும்.

அரசுக் கட்டடங்களில் இதே எண்ணம் பெரிய அளவில் நடந்தது. 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தைச் சுற்றி 12 அடி அகலத்துக்குத் தாழ்வாரம் ஓடுகிறது. அறைகளின் ஜன்னல்மீது வெயில் விழுவதற்கு முன்பே அந்த வளைவுகள் அதை வாங்கிக்கொள்கின்றன. ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்த பழைய ரயில் நிலையமும் (1910) எதிரே உள்ள ரயில்வே தலைமையகமும் (1917) இதே வழியில் போகின்றன. அங்கெல்லாம் ஜன்னலுக்கு வெப்பத் தடுப்பு தாழ்வாரம்தான். அந்தத் தாழ்வாரங்களை எங்காவது கண்ணாடியால் மூடி அறையாக்கினால் அங்கே கட்டடத்தின் அறிவே மூடப்படுகிறது.

அப்படியானால் உள்ஜன்னலே வேண்டாமா? வேண்டும். காரணம் மூன்றாவது வழி, காற்று.

கோலாலம்பூரின் பகல் 32, 33 டிகிரி. இரவு 24 அளவு. அதைவிட முக்கியம் ஈரப்பதம், சராசரி 80 விழுக்காடு. 30 டிகிரியில், 75 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கிலோ காற்றுக்குள் சுமார் 20 கிராம் நீராவி இருக்கிறது. குளிரூட்டிய அறையில், 24 டிகிரியில், 55 விழுக்காட்டில், அது 10 கிராம். வெளிக்காற்று ஒவ்வொரு கிலோவாக உள்ளே நுழையும்போதும் ஏர்கோன் 10 கிராம் தண்ணீரைப் பிழிந்து எடுக்க வேண்டும். காற்றின் சூட்டை 6 டிகிரி இறக்க 6 கிலோஜூல் போதும். அந்தத் தண்ணீரைப் பிழிய 24 கிலோஜூல் செலவாகிறது. அதாவது இடுக்கு வழியே வரும் காற்றின் சுமையில் ஐந்தில் நான்கு பங்கு ஈரம். மின்கட்டணம் ஏறுவது அங்கேதான். மூடிய லூவரானாலும் பட்டிக்குப் பட்டி இடைவெளி உண்டு. அது காற்றுக்காகவே செய்யப்பட்டது, அதைக் காற்று புகாததாக்க முடியாது, ஆக்க முயலவும் கூடாது. அதற்குப் பின்னால், ரப்பர் விளிம்போடு நன்றாகப் பொருந்திய உள்ஜன்னல் இந்தச் சுமையைப் பெருமளவு நிறுத்திவிடும். இந்த வேலைக்குத் தனிப்பூச்சுள்ள விலைகூடிய கண்ணாடி தேவையில்லை. விளிம்பு சரியாக அடைபடுவதுதான் எல்லாம்.

இரண்டாவது காரணம் ஓசை. கேஎல் சென்ட்ரல் 2001-இல் திறந்தது. 2003 ஆகஸ்டு 31 முதல் மோனோரயில் ஜாலான் துன் சம்பந்தனின் தலைக்கு மேலே ஓடுகிறது. மேல்தள ஜன்னலுக்கு ரயில் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸின் மேல்தளங்களில் டியூஷன் வகுப்புகள், இசை நாட்டிய வகுப்புகள், சங்க அலுவலகங்கள், மருந்தகங்கள் இருக்கின்றன. ஓசை அங்கே வசதிக் குறைவு மட்டுமல்ல, வேலையையே கெடுப்பது. ஓசை விஷயத்தில் ஓட்டை இரக்கமற்றது. சுவர் எவ்வளவு தடித்ததாக இருந்தாலும், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு 20 டெசிபலுக்கு மேல் போகாது. லூவரில் திறப்பு அதைவிட எத்தனையோ மடங்கு.

இங்கே உள்ஜன்னல் தொழிற்சாலையில் ஒட்டிவரும் இரட்டைக் கண்ணாடியைவிட மேலானது. ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே 12, 16 மில்லிமீட்டர்தான் இடைவெளி. வெப்பத்துக்கு அது போதும், ஓசைக்குப் போதாது. உள்ஜன்னலைப் பழைய ஜன்னலிலிருந்து 100 முதல் 200 மில்லிமீட்டர் தள்ளி வைக்கலாம். பழைய கடைவீட்டுச் சுவர் ஒன்பது அங்குலமோ அதற்கு மேலோ இருப்பதால் அந்த ஆழம் தயாராகவே கிடைக்கிறது. உள்ளே 3 மில்லிமீட்டர் கண்ணாடிகள் இரண்டை நடுவில் ஒரு மெல்லிய படலத்தால் ஒட்டிய வகையைப் போட்டால் ஓசை இன்னும் அடங்கும், உடைந்தாலும் சிதறாது. அதே படலம் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் நிறுத்துவது இன்னொரு நன்மை. ஹப்பக்கின் 1905 கட்டடத்தில் இயங்கும் தேசிய ஜவுளி அருங்காட்சியகம் போன்ற இடங்களில் சாயம் வெளுக்கும் பொருள்கள்தான் செல்வம். கிள்ளானில் 1909-இல் எழுந்த சுல்தான் சுலைமான் கட்டடம் இன்று சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சியகம். அங்கேயும் கேள்வி இதுதான்: முகப்பைத் தொடாமல் வெளிச்சத்தையும் ஈரத்தையும் எப்படி அடக்குவது?

மூன்றாவது காரணத்தைக் கிள்ளான்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை 500-க்கு மேல் ஏற்றியபோது போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 1997-லும் 2015-லும் 2019-லும் புகை வந்தது, இனியும் வரும். லூவர் வீட்டில் ஆஸ்துமாக் குழந்தையையோ முதியவரையோ வைத்திருப்பவருக்கு மூடக்கூடிய ஓர் அறையாவது வேண்டும். ஈரத்துக்கும் ஓசைக்கும் போடும் ஜன்னல் அந்த வாரங்களில் மூச்சுக்கும் உதவும்.

இனி ஆபத்துகள். இவற்றைச் சொல்லாமல் உள்ஜன்னலைப் பரிந்துரைப்பது பொறுப்பில்லாத செயல்.

பெரிய ஆபத்து வியர்க்கும் கண்ணாடி. குளிர்நாட்டில் அறைக்குள்ளிருக்கும் ஈரம் வெளிக்கண்ணாடியில் படிகிறது. இங்கே வெளியிலுள்ள ஈரம் உள்கண்ணாடியில் படிகிறது. நம் காற்று பகலிலும் இரவிலும் ஏறத்தாழ 24 டிகிரியில் பனிக்கும். அறையை 18, 20 என்று வைத்தால் உள்ஜன்னலின் வெளிமுகம் 24-க்குக் கீழே இறங்கி நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீர் வழிந்து விழும் இடம் நூறு வருட மரநிலையின் அடிக்கட்டை. லூவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே யாரும் பார்க்காத இருட்டில், ஆறு மாதத்தில் பூஞ்சணம், பிறகு மட்கல், அதன் வாசனைக்குக் கரையான். எந்த ஜன்னலைக் காக்க இதைப் போட்டோமோ அதையே இது தின்றுவிடும்.

தீர்வு எளிது, ஆனால் பழக்கத்தைக் கேட்கிறது. ஏர்கோனை 24-க்கு மேல் வைத்தால் கண்ணாடி வியர்க்காது. எம்எஸ் 1525 பரிந்துரைப்பதும் 24 முதல் 26 வரைதான். அரசு அலுவலகங்களுக்கும் 24-க்குக் கீழே போகாதீர்கள் என்ற அறிவுறுத்தல் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஏர்கோனின் வாய் கண்ணாடியை நேராக ஊதாமல் திருப்பி வைக்க வேண்டும். இடைவெளியிலுள்ள காற்று தெருக்காற்றோடு கலந்துகொண்டே இருக்க வேண்டும்; ஆகவே லூவரின் இடுக்குகளைச் சிலிக்கோன் வைத்து அடைப்பது தவறு. அடிக்கட்டையில் நீர் வெளியே வடிய ஒரு சரிவும் சிறு துளையும் வேண்டும். உள்ஜன்னல் அடிக்கடி திறந்து துடைக்கும்படி இருக்க வேண்டும். ஐரோப்பியப் பட்டியலில் உயர்வகை என்று வரும் வெப்பப்பூச்சுக் கண்ணாடியை இங்கே யோசித்துத்தான் வாங்க வேண்டும்: இடைவெளியைப் பார்த்த முகத்தில் அந்தப் பூச்சு இருந்தால், வெளியிலிருந்து வரும் கதிர்வெப்பம் குறைந்து உள்கண்ணாடி இன்னும் குளிர்ந்து, வியர்வை கூடவும் செய்யும்.

அடுத்தது மூச்சு. நம் கடைகளில் மாட்டும் ஸ்பிளிட் வகை ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது. லூவர் கசிந்துகொண்டிருந்தவரை பிள்ளைகள் நிறைந்த டியூஷன் அறைக்குப் புதுக்காற்று தானாக வந்தது. உள்ஜன்னல் அதை நிறுத்தியதும் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும், தலை வலிக்கும். 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகள், அறைத் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத ஜன்னலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் காற்று தடையின்றிப் போகும் திறப்பும் கேட்கின்றன. உள்ஜன்னல் போட்டாலும் இந்தத் திறப்பு மிஞ்ச வேண்டும். ஆகவே திருகாணியில் இறுக்கிய நிலையான கண்ணாடிக்கு நான் ஆதரவில்லை. நழுவும் கதவோ, கீல் கதவோ, பக்கத்தில் கழற்றி வைக்கும் பலகையோ வேண்டும். வகுப்புக்கு வகுப்பு இடைவேளையில் பத்து நிமிடம் திறந்துவிட்டால் பாதி பிரச்சினை தீரும்.

தீ இன்னும் கடுமையான விஷயம். மரத்தளம், மரப்படி, கீழே கடை, மேலே குடியிருப்பு என்ற பழைய அமைப்பில் மேல்தள ஜன்னல் சில வேளை ஒரே வெளியேறும் வழி. ஏற்கெனவே திருடனுக்காகக் கம்பி அடித்திருப்போம். அதற்குப் பின்னால் பூட்டிய கண்ணாடியும் வந்தால் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது, ஏணியோடு வந்த பொம்பா வீரரும் உள்ளே போக முடியாது. ஒவ்வொரு அறையிலும் ஒரு ஜன்னலாவது சாவி இல்லாமல் முழுவதும் திறக்க வேண்டும். மலிவென்று காந்தப்பட்டியில் ஒட்டும் பெர்ஸ்பெக்ஸ் பலகையைச் சிலர் விரும்புவார்கள். பரிசோதித்துப் பார்க்க அது நல்லது, எளிதில் கழற்றலாம். ஆனால் அது எரியும் பொருள், சமையலறைக்கும் சாமி விளக்குக்கும் அருகில் கூடாது.

எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே விடையும் இல்லை. 1930-களில் எழுந்த ஆர்ட் டெக்கோ கட்டடங்கள், 1932-இன் ஓரியண்டல் கட்டடம் அல்லது 1930-களின் இன்றைய சென்ட்ரல் மார்க்கெட் மாதிரியானவை, லூவர் காலத்தைக் கடந்தவை. அந்தக் காலப் பாணியில் மெல்லிய இரும்புச்சட்ட ஜன்னல்கள் பரவலாயின. அந்த மெல்லிய கோடுகள்தான் அவற்றின் அழகு. தடித்த அலுமினியம் வைத்தால் முகமே போய்விடும். அங்கே வெயிலைத் தடுக்க வெளியில் மரம் இல்லை, சன்ஷேடு மட்டும். எனவே இரும்பின் துருவைச் சுரண்டிச் சீராக்குவது முதல் வேலை, இடைவெளிக்குள் வெளிர்நிறத் திரையோடு உள்ஜன்னல் இரண்டாவது. சுதந்திரத்துக்குப் பின் வந்த நாக்கோ கண்ணாடிப் பட்டிகளை யாரும் மரபுச் செல்வமாகப் பார்ப்பதில்லை. இன்னும் இருபது ஆண்டில் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். அவற்றுக்கும் பின்னால் ஒரு நழுவு கண்ணாடி போதும்.

உள்ஜன்னல் தேவையே இல்லாத இடங்களும் உண்டு. 1904-இல் நிறுவப்பட்ட பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமம் போன்ற கூடங்களில் மக்கள் கூடுவது சில மணி நேரம். உயர்ந்த கூரையும் எதிரெதிர் ஜன்னலும் மின்விசிறியும் அங்கே போதும். 2014-இல் அந்த வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வந்தபோது சமூகம் திரண்டு எதிர்த்தது, கட்டடம் நிற்கிறது. நிற்க வைத்த பிறகு அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதும் பாதுகாப்பின் பகுதிதான். ஏர்கோன் தேவைப்படாத இடத்தில் ஏர்கோனைக் கொண்டுவந்து, பிறகு அது கசிகிறதென்று ஜன்னலை மாற்றுவதுதான் நம் மரபுக் கட்டடங்களில் அதிகம் நடக்கும் அழிவு.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடைவீட்டின் முகப்பு குறுகியது, இரு பக்கமும் பொதுச்சுவர். வெயில் நாள் முழுக்க அடிப்பது கூரைமீது. மேல்தளம் கொதிக்கிறதென்றால் பத்தில் எட்டு வீட்டில் குற்றவாளி ஓடும் மெல்லிய சீலிங்கும்தான் என்று நான் கருதுகிறேன். சீலிங்குக்கு மேல் வெப்பத்தடுப்புப் போர்வை விரிப்பது யார் கண்ணுக்கும் தெரியாது, மரபு அலுவலரின் மனமும் நோகாது, செலவும் குறைவு. முற்றத்தைப் பாலிகார்பனேட் தகட்டால் மூடியிருந்தால் அதன் விளிம்பைத் திறந்து சூடு வெளியேற வழி செய்வதும் அப்படியே. இந்த இரண்டையும் செய்யாமல் உள்ஜன்னலுக்குப் பணம் போடுபவர் ஓசைக்காகப் போட்டால் சரி. குளிர்ச்சிக்காக என்றால் வரிசை தப்பிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் 2006 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. அதன்கீழ்ப் பதிவான கட்டடத்தில் மாற்றம் செய்ய மரபுடைமை ஆணையரின் ஒப்புதல் வேண்டும். சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் அப்படிப்பட்டது. ஆனால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தெருவுக்கு முகம் தருகிற பெரும்பாலான கடைவீடுகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஜார்ஜ் டவுனுக்கும் மலாக்காவுக்கும் 2008-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது, அதோடு பழைய ஜன்னலை எப்படி நடத்த வேண்டும் என்ற கண்டிப்பும் வந்தது. கோலாலம்பூருக்கு அது இல்லை. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டபின், போருக்கு முந்திய கடைவீடுகளில் குறைந்த வாடகையில் இருந்தவர்கள் வெளியேற, புது வாடகைக்காரர்கள் வந்தார்கள். வந்தவர் முதலில் கேட்டது ஏர்கோன். மாநகர் மன்றங்கள் உத்தரவு போடுவதற்குப் பதில் ஒரு மாதிரி வரைபடம் தந்தாலே நிலைமை மாறும்: லூவருக்குப் பின்னால் உள்ஜன்னல் எப்படிப் பொருத்துவது என்ற ஒரே பக்கப் படம், உரிமக் கட்டணமில்லா அனுமதியோடு. மரபு அமைப்புகள் ஒரு கடைவீட்டில் செய்து காட்டி, வெப்பத்தையும் ஈரத்தையும் ஓசையையும் ஓர் ஆண்டு அளந்து வெளியிட்டால் இன்னும் நல்லது. நம்மிடம் இல்லாதது கண்ணாடி அல்ல, நம் தட்பவெப்பத்தில் அளந்த எண்கள்.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் சொற்கள். முதலில் தச்சரைக் கூப்பிடுங்கள், கண்ணாடிக் கடையைப் பிறகு பார்க்கலாம். கழன்ற கீல், உடைந்த பட்டி, வளைந்த குச்சி, மட்கிய அடிக்கட்டை ஆகியவற்றைச் சரிசெய்த பின்னரே அளவெடுக்க வேண்டும். ஜன்னல் உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்று பாருங்கள். உள்ளே திறந்தால் உள்ஜன்னல் அதன் வீச்சுக்கு அப்பால் நிற்க வேண்டும், அல்லது லூவரின் குச்சியை மட்டும் எட்டும்படி செய்ய வேண்டும். புதுச் சட்டத்தின் கோடுகள் பழையதன் கோடுகளுக்கு நேர் பின்னால் வரட்டும், தெருவிலிருந்து தெரியாது. பழைய சுண்ணாம்புக் காரையில் திருகாணியைச் செங்கல்லின் இணைப்பில் போடுங்கள், செங்கல்லைத் துளைக்க வேண்டாம். நிலையோடு எதையும் பசைபோட்டு ஒட்ட வேண்டாம். ஒரே ஒரு ஜன்னலில் செய்து, ஒரு மழைக்காலம் முழுக்க அடிக்கட்டையைக் கைவைத்துப் பார்த்து, அது காய்ந்திருந்தால் மற்றவற்றுக்குப் போங்கள்.

கடைவீட்டுச் சொந்தக்காரர்களுக்கும், பழைய கட்டடம் வைத்திருக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அலுமினியச் சட்டத்துக்கு விலைப்பட்டியல் கையில் வந்திருக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதே தொகைக்கு லூவரைச் சீராக்கி உள்ஜன்னல் பொருத்த ஒரு தச்சரிடம் விலை கேளுங்கள். ஏற்கெனவே பெயர்த்து மாடியில் போட்டு வைத்திருக்கும் மர ஜன்னல்களை விறகாக்கிவிடாதீர்கள். செங்கால் மரம் மழையில் நனையாமல் இருந்தால் அவற்றைத் திரும்ப மாட்ட இன்றும் முடியும்.